இறுதிச் சடங்கு டிரஸ்டுக்கு வருமான வரிக் கணக்கு: ரசீது புத்தகம் முதல் ஒப்புகைச் சீட்டு வரை

ஆதரவற்றவர்களை அடக்கம் செய்யும் டிரஸ்ட், அமரர் ஊர்தியை இலவசமாக ஓட்டும் டிரஸ்ட், நகராட்சியின் எரிவாயு தகன மேடையை எடுத்து நடத்தும் டிரஸ்ட் என எந்த வகையானாலும் வரிக் கணக்கு தாக்கல் செய்யும் வழி ஒன்றுதான். இப்படி ஒரு டிரஸ்டின் கணக்கைப் பார்த்து வருகிறேன். புதிதாகப் பொருளாளர் பொறுப்புக்கு வருபவர்கள் தடுமாறுவதும் ஒரே இடத்தில்தான். அக்டோபர் கடைசி வாரம், டிரஸ்டுகளுக்கான வருமான வரி ரிட்டர்ன் படிவமான ஐ.டி.ஆர்.-7ஐத் திறந்து, முதல் பெட்டியிலிருந்து நிரப்பத் தொடங்குகிறார்கள். அதற்குள் மூன்று முக்கியமான தேதிகள் தாண்டிப் போயிருக்கும். ஐ.டி.ஆர்.-7 என்பது கடைசி வேலை. அதற்கு முன் முடித்திருக்க வேண்டியவற்றை அது எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

இங்கே சொல்வது 2025-26 நிதியாண்டுக்கு, அதாவது அதன் வரியைக் கணக்கிடும் அடுத்த ஆண்டான 2026-27 மதிப்பீட்டு ஆண்டுக்கு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் 2025 வந்துவிட்டது. ஆனாலும் இந்த ஆண்டுக் கணக்குக்கு 1961ஆம் வருடச் சட்டம்தான். பிரிவு எண்கள் எல்லாம் அந்தச் சட்டத்தின் எண்கள்.

1. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

டிரஸ்ட் பத்திரம், பான் அட்டை, டிரஸ்டுக்கு வரி விலக்கு தரும் 12ஏபி பதிவு உத்தரவு, நன்கொடையாளருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி உத்தரவு, எல்லா வங்கிக் கணக்குகளின் ஆண்டு அறிக்கை, ரசீது புத்தகங்களின் அடிக்கட்டைகள், வவுச்சர் கோப்பு. இவை ஒரே மேசைக்கு வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

பானில் நான்காவது எழுத்தைப் பாருங்கள். டிரஸ்ட் என்றால் அது 'டி' ஆக இருக்க வேண்டும். அவசரத்தில் நபர்கள் சங்கம் என்று விண்ணப்பித்து 'ஏ' எழுத்தோடு வாங்கிய டிரஸ்டுகள் உண்டு. பதிவு உத்தரவிலும் வருமான வரித் துறையின் இணையப் போர்ட்டலிலும் இது குழப்பம் தரும். முதலிலேயே ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

பதிவு உத்தரவில் அது எந்த மதிப்பீட்டு ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை செல்லும் என்று இருக்கும். 2021இல் மறுபதிவு செய்த பல டிரஸ்டுகளுக்கு அது 2026-27 மதிப்பீட்டு ஆண்டோடு முடிகிறது. அவர்கள் புதுப்பிக்கப் புது உத்தரவும் வாங்கியிருப்பார்கள். இந்த வருடக் கணக்கில் போட வேண்டியது பழைய உத்தரவின் எண்தான். எந்த ஆண்டுக்குக் கணக்கோ அந்த ஆண்டுக்குச் செல்லும் எண். புதிதாக வந்த காகிதம் கண்ணில் பட்டதும் அந்த எண்ணைப் போட்டுவிடுகிறார்கள்.

தற்காலிகப் பதிவில் இருக்கும் டிரஸ்ட் என்றால் அது மூன்று ஆண்டுகளுக்குத்தான். பணி தொடங்கிய ஆறு மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிய ஆறு மாதம் இருக்கும்போது, எது முன்னால் வருகிறதோ அதற்குள் முறையான பதிவு கேட்க வேண்டும். முதல் உடலை எடுத்த நாளே பணி தொடங்கிவிட்டது. மூன்று ஆண்டு இருக்கிறதே என்று காத்திருந்தால், 115டிடி பிரிவின் கீழ் டிரஸ்டின் சொத்து மதிப்புக்கே வரி கேட்கும் நிலை வரலாம்.

இன்னொன்று, போர்ட்டலில் யாருடைய கைப்பேசி எண் இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். நிர்வாக அறங்காவலர் காலமாகி, ஓ.டி.பி. அவருடைய எண்ணுக்கே போய்க்கொண்டிருந்த டிரஸ்டுக்கு உதவப் போயிருக்கிறேன். ஊரார் எல்லோருக்கும் இறப்புச் சான்றிதழ் வாங்கித் தந்தவர்கள், தங்கள் தலைவரின் பெயரை மாற்ற மறந்திருந்தார்கள். அறங்காவலர் குழுவின் தீர்மானத்தோடு முக்கிய நபர் விவரத்தை மாற்ற நாள் பிடிக்கும். ஜூன் மாதத்திலேயே செய்துவிடுங்கள்.

2. உங்கள் பணி எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

ஆதரவற்றவர்களுக்கும் ஏழைகளுக்கும் இலவசமாகச் செய்தால் அது ஏழைகளுக்கான நிவாரணம். ஊரில் எல்லோருக்கும் பொதுவாகத் தகன மேடை நடத்திக் கட்டணம் வாங்கினால் அது பொதுப் பயன்பாட்டுப் பணி என்ற வகைக்குள் போகும். இந்த வித்தியாசத்தை முதலிலேயே பார்க்கக் காரணம் 2(15) பிரிவு. பொதுப் பயன்பாட்டுப் பணி செய்யும் டிரஸ்ட் வணிகத் தன்மையில் கட்டணம் வாங்கினால், அது மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அந்த ஆண்டுக்கு வரி விலக்கு போய்விடும்.

செலவுக்குச் சரியாகவோ சற்றே கூடவோ வாங்கும் கட்டணத்தை வணிகமாகக் கருதக்கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அகமதாபாத் நகர வளர்ச்சி ஆணைய வழக்கில் சொன்னது. அதனால் ஒரு உடலுக்கு எவ்வளவு கேஸ், எவ்வளவு மின்சாரம், ஆட்கூலி எவ்வளவு என்று ஒரு பக்கக் கணக்கு எப்போதும் தயாராக இருக்கட்டும். கேள்வி வந்தால் அந்த ஒரு பக்கம்தான் காப்பாற்றும்.

பத்திரத்தில் இன்னொரு வரியையும் தேடுங்கள். 'எங்கள் சமுதாய மக்களுக்கு' என்று மட்டும் இருந்தால் சிக்கல். ஒரு குறிப்பிட்ட சாதிக்கோ மதத்தாருக்கோ மட்டும் பயன்படும் அறப்பணி டிரஸ்டுக்கு 13(1)(பி) பிரிவின்படி விலக்கு கிடையாது. நடைமுறையில் எல்லோருக்கும் செய்தாலும், பத்திரத்தில் இருப்பதைத்தான் பார்ப்பார்கள். பத்திரத்தின் நோக்கத்தை மாற்றினால் 30 நாளுக்குள் பதிவுக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே ஆடிட்டரையும் வழக்கறிஞரையும் கேட்காமல் அதில் கை வைக்காதீர்கள். மாதச் சந்தா வாங்கி, உறுப்பினர் குடும்பத்துக்கு மட்டும் சாவுச் செலவு தரும் சங்கத்துக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது.

ஜி.எஸ்.டி. பற்றிக் கேட்பவர்களுக்கு: அடக்கம், தகனம், பிணவறை, உடலை எடுத்துச் செல்லுதல் ஆகியவை ஜி.எஸ்.டி. சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருக்கின்றன. இவற்றுக்கு அந்த வரி இல்லை.

3. வரவைப் பிரிப்பது

இங்கே அவசரப்பட்டால் பின்னால் எல்லாம் கோணலாகிவிடும். வரவை ஐந்து குவியலாகப் பிரியுங்கள்: பெயர் முகவரி உள்ள பொது நன்கொடை, நிரந்தர நிதியான கார்பஸ் நன்கொடை, பெயர் தெரியாத நன்கொடை, சேவைக் கட்டணம், வங்கி வட்டி. ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு.

நன்கொடை நம் கைக்கு எப்படி வருகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். காரியம் முடிந்து, தலைக்குக் குளித்த ஈரம் காயாமல் ஒருவர் வருவார். நான்காக மடித்த ஐந்நூறு ரூபாயைக் கையில் வைத்து அழுத்துவார். பெயர் கேட்டால், "அப்பா பேர்லயே போட்டுருங்க" என்பார். நாமும் அவர் மனம் நோகக்கூடாது என்று இறந்தவர் பெயரில் ரசீது எழுதிவிடுகிறோம். அது தவறு. பணம் தந்தவர் மகன். ரசீதில் அவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். குறிப்பு என்ற இடத்தில் 'தந்தையார் நினைவாக' என்று எழுதி, தந்தையின் பெயரையும் போடுங்கள். அவருக்கும் நிறைவு, கணக்கும் சரி. அந்த நேரத்தில் விவரம் கேட்கவே முடியாது என்றால் கைப்பேசி எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு, பதினாறாம் நாள் காரியம் கழிந்த பிறகு பேசுங்கள். யாரும் கோபித்துக்கொண்டது கிடையாது.

தந்தவரின் பெயரும் முகவரியும் இல்லாத பணம் பெயர் தெரியாத நன்கொடை ஆகிவிடும். மயான வாசலில் வைக்கும் உண்டியல் பணம் முழுக்க இந்த வகைதான். 115பிபிசி பிரிவின்படி, மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது 1 லட்சம் ரூபாய், இரண்டில் எது அதிகமோ அதுவரை விட்டுவிடுவார்கள். அதற்கு மேல் உள்ளதற்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். மொத்த நன்கொடை 17,20,000 ரூபாய் என்றால் அதில் 5 சதவீதம் 86,000. அதனால் 1 லட்சம்தான் வரம்பு. உண்டியலில் 1,30,000 வந்திருந்தால் 30,000 ரூபாய்க்கு 9,000 வரியும் 360 செஸ்ஸும் கட்ட வேண்டும். அந்தப் பணத்தை முழுக்கச் சடங்குக்கே செலவழித்திருந்தாலும் இந்த வரி போகாது.

கார்பஸ் விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பெரிய தொகை வந்தால் கார்பஸ் என்று எழுதிவிடுகிறார்கள். தொகையின் அளவை வைத்து அது கார்பஸ் ஆகாது. 'இதை நிரந்தர நிதியாக வைத்து, வட்டியில் ஆண்டுக்கு ஒரு ஆதரவற்றவரை அடக்கம் செய்யுங்கள்' என்று தருபவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பணத்தை 11(5) பிரிவில் சொன்ன முதலீட்டில், கார்பஸ் என்று தனியாக அடையாளம் தெரியும்படி வைக்க வேண்டும். வங்கி வைப்பு, அஞ்சலக சேமிப்பு எல்லாம் அதில் வரும். சீட்டுக் கட்டுவதும் அறங்காவலருக்குக் கைமாற்றாகக் கொடுப்பதும் வராது. 'ஃப்ரீசர் பாக்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள்' என்று தந்த பணம், கார்பஸ் என்று எழுதித் தராதவரை சாதாரண நன்கொடைதான்.

4. செலவுக்கு ஆதாரம்

வெளியாட்களுக்கு நம் செலவு விசித்திரமாகத் தெரியும். விறகு, வறட்டி, மண்பானை, கோடித்துணி, மாலை, டீசல், குழி வெட்டும் கூலி. பாதிக்கு மேல் பில் கிடைக்காத இடத்தில் வாங்கியவை. மாலை கட்டி வந்த தாளின் பின்புறம் 'விறகு 4 கட்டு, வறட்டி 100, பானை 1' என்று எழுதி வருகிற சீட்டை ஆடிட்டர் ஏற்றுக்கொள்ளத் தயங்குவது நியாயம்தான்.

அதற்கு வழி, ஒரு உடலுக்கு ஒரு உறை. உறையின் மேல் தேதி, இறந்தவர் பெயர், ஆதரவற்றவர் என்றால் காவல் நிலையக் கடிதத்தின் எண், அடக்கம் நடந்த மயானம். உள்ளே அந்தச் சீட்டு, அதை ஒட்டிய நம் அச்சிட்ட வவுச்சர், கூலி வாங்கிய மயானப் பணியாளரின் கையெழுத்து அல்லது கைரேகை. இப்படி வைத்தால் ஒவ்வொரு ரூபாயும் ஒரு மனிதரின் கடைசிப் பயணத்தோடு கட்டப்பட்டிருக்கும். பத்து ஆண்டுகள் இவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்று விதி 17ஏஏ சொல்கிறது.

செலவை ஏற்றுக்கொள்ளாமல் போகும் காரணங்கள்:

ஒருவருக்கு ஒரே நாளில் ரொக்கமாக 10,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தத் தொகை முழுவதும் கணக்கில் சேராது. மழைக்காலத்துக்கு முன் விறகை மொத்தமாக வாங்கும்போது இதுதான் நடக்கிறது. விறகுக் கடைக்காரருக்கு யு.பி.ஐ.யிலோ காசோலையிலோ கொடுங்கள்.

மார்ச் மாத பில்லை ஏப்ரலில் கொடுத்தால் அது அடுத்த ஆண்டுச் செலவு. உண்மையில் பணம் கைமாறிய ஆண்டுதான் கணக்கு.

பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வரியான டி.டி.எஸ். பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காவிட்டால் அந்தச் செலவில் 30 சதவீதம் போய்விடும். வண்டி ஒப்பந்தத்துக்கு எடுத்திருப்பவர்கள் பாருங்கள்.

வேறொரு டிரஸ்டுக்கு நன்கொடை கொடுத்தால் அதில் 85 சதவீதம்தான் செலவாகச் சேரும்.

வண்டி வாங்கிய ஆண்டில் முழு விலையையும் செலவாகக் காட்டியிருந்தால், பிறகு அதே வண்டிக்குத் தேய்மானம் காட்ட முடியாது.

அமரர் ஊர்தியின் ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். கடன் எளிதாகக் கிடைக்கும் என்று அறங்காவலர் தன் பெயரில் வாங்கி, டிரஸ்ட் பணத்தில் தவணை கட்டியதைப் பார்த்திருக்கிறேன். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் காகிதத்தில் அது அறங்காவலருக்கு டிரஸ்ட் தந்த பலன். அந்தத் தொகைக்கு 115பிபிஐ பிரிவில் 30 சதவீத வரி வரும்.

5. மே 31: நன்கொடையாளர் பட்டியல்

80ஜி அனுமதி உள்ள டிரஸ்ட் 10பிடி படிவத்தில் நன்கொடையாளர்களின் அடையாள எண், பெயர், முகவரி, தொகை எல்லாவற்றையும் மே 31க்குள் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு 10பிஇ சான்றிதழ் கிடைக்கும். நாம் தரும் அச்சிட்ட ரசீதை வைத்து மட்டும் தந்தவருக்கு வரிச் சலுகை கிடைக்காது. இந்தச் சான்றிதழும் வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தவருக்கு 80ஜி சலுகை கிடையாது என்பதை வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இந்த இரண்டோடு தணிக்கை அறிக்கைக்கான 10பி, 10பிபி என்ற பெயர்களும் ஒன்றுபோல இருப்பதால் மாற்றி ஏற்றுகிறார்கள். சுவரில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள்.

6. 85 சதவீதக் கணக்கு

கார்பஸ் நீங்கலான வரவில் 85 சதவீதம் அந்த ஆண்டிலேயே நோக்கத்துக்குச் செலவாகியிருக்க வேண்டும். மீதி 15 சதவீதத்தைக் காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம். ஒரு உதாரணம் போடுகிறேன்.

பொது நன்கொடை 14,20,000 (இதில் உண்டியல் 72,000, வரம்புக்குள்தான்). சேவைக் கட்டணம் 2,60,000. வட்டி 40,000. கூட்டினால் 17,20,000. கார்பஸ் 3,00,000 தனி, இதில் சேராது. கட்டணம் மொத்தத்தில் 15 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது, ஆகவே 20 சதவீதப் பிரச்சினை இல்லை.

17,20,000இல் 85 சதவீதம் 14,62,000. செலவு ஏட்டில் 13,10,000 இருக்கிறது. ஆனால் விறகுக் கடையில் ஒரே நாளில் ரொக்கமாகக் கொடுத்த 28,000ஐக் கழிக்க வேண்டும். நிற்பது 12,82,000. குறைவது 1,80,000.

போன ஆண்டு கூடுதலாகச் செலவழித்தோமே, அதை இங்கே ஈடுகட்டலாமா என்று கேட்பார்கள். 2022-23 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அது கிடையாது. கடன் வாங்கிச் செய்த செலவும் கடனைத் திருப்பும்போதுதான் சேரும், அதுவும் ஐந்து ஆண்டுக்குள்.

7. ஆகஸ்ட் 31: குறையும் தொகைக்குப் படிவம்

அந்த 1,80,000 ரூபாய்க்கு இரண்டு வழி இருக்கிறது. மார்ச் கடைசியில் வந்து செலவழிக்க நேரமில்லாமல் போன பணம் என்றால் 9ஏ படிவம், அடுத்த ஆண்டில் செலவழித்தால் போதும். புது வண்டி போன்ற பெரிய செலவுக்குச் சேர்க்கிறோம் என்றால் 10ஆம் எண் படிவம், ஐந்து ஆண்டு வரை சேர்க்கலாம்.

முதலில் அறங்காவலர் கூட்டம், தீர்மானம், பிறகு படிவம். தீர்மானத்தில் 'டிரஸ்டின் நோக்கங்களுக்காக' என்று பொதுவாக எழுதினால் நிற்காது. 'குளிரூட்டப்பட்ட அமரர் ஊர்தி ஒன்று வாங்க' என்று எழுதுங்கள். பணத்தை வங்கி வைப்பில் போட்டுவிடுங்கள். ஐந்து ஆண்டுக்குள் அந்தக் காரியத்துக்குச் செலவாகாவிட்டால் அது வருமானமாகி வரிக்கு வரும்.

ரிட்டர்ன் தேதிக்கு இரண்டு மாதம் முன்பு, அதாவது ஆகஸ்ட் 31 என்று வைத்ததற்குக் காரணம், ஆடிட்டர் தன் அறிக்கையில் இதைக் குறிப்பிட வேண்டும் என்பதுதான்.

8. செப்டம்பர் 30: தணிக்கை அறிக்கை

விலக்குக்கு முந்தைய வருமானம், வரி இல்லாத உச்ச வரம்பைத் தாண்டினால் தணிக்கை வேண்டும். மொத்த வருமானம் 5 கோடிக்கு மேல் இருந்தாலோ, வெளிநாட்டு நன்கொடை வாங்கியிருந்தாலோ, வெளிநாட்டில் செலவழித்திருந்தாலோ 10பி. மற்றவர்களுக்கு 10பிபி. நம்மைப் போன்ற டிரஸ்டுகள் பெரும்பாலும் 10பிபிதான். ஆனால் சிங்கப்பூரில் இருந்து ஒரு அமைப்பு அனுப்பிய சிறு தொகை இருந்தாலும் 10பி ஆகிவிடும். வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. அனுமதி இருந்ததா என்ற பெரிய கேள்வியும் கூடவே வரும்.

போர்ட்டலில் முதலில் ஆடிட்டரைச் சேர்த்து, படிவத்தை அவருக்கு ஒதுக்க வேண்டும். அவர் டிஜிட்டல் கையெழுத்தோடு ஏற்றுவார். அதோடு முடிந்தது என்று நினைக்கிறார்கள். டிரஸ்டின் கணக்கில் உள்ளே போய், பணிப்பட்டியலில் காத்திருக்கும் அறிக்கையை நாம் 'ஏற்கிறேன்' என்று அழுத்தினால்தான் அது தாக்கலானதாகும். ஆடிட்டர் செப்டம்பர் 25இல் ஏற்றியதை டிரஸ்ட் நவம்பரில் பார்த்தால், தேதி நவம்பர்தான். தாமதத்தை மன்னிக்கக் கேட்டு ஆணையரிடம் விண்ணப்பிக்க வழி உண்டு. ஆனால் அந்த அலைச்சலுக்கு இரண்டு நிமிட வேலையை விட்டுவிடாதீர்கள்.

9. அக்டோபர் 31: ஐ.டி.ஆர்.-7

இப்போது எல்லாம் கையில் இருக்கிறது. போர்ட்டலிலிருந்து அந்த ஆண்டுக்கான யூட்டிலிட்டியை, அதாவது படிவம் நிரப்பும் மென்பொருளை, இறக்கிக்கொள்ளுங்கள். தாக்கல் செய்யும் பிரிவு 139(4ஏ). விலக்கு கோரும் பிரிவு 11.

நிரப்பும் வரிசையைப் பின்பக்கமிருந்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் விசி அட்டவணையில் நன்கொடைகள்: கார்பஸ், மற்றவை, பெயர் தெரியாதவை. பிறகு ஏஐ அட்டவணையில் கட்டணம், வட்டி. ஏ அட்டவணையில் செலவு. ஜே அட்டவணையில் கார்பஸும் முதலீடும். ஐ அட்டவணையில் படிவம் 10இல் சேர்த்த தொகை, டி அட்டவணையில் 9ஏ தொகை. இவை நிரம்பினால் மொத்த வருமானப் பகுதி பெரும்பாலும் தானே வந்துவிடும். மொத்தத்திலிருந்து தொடங்கினால் எண்கள் இடிக்கும்.

வங்கி வட்டியில் டி.டி.எஸ். பிடித்திருப்பார்கள். டிரஸ்டிடம் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையோடு ஒப்பிட்டுக் கோரினால் திரும்ப வரும். அதற்கு டிரஸ்டின் வங்கிக் கணக்கு போர்ட்டலில் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும்.

ஏற்றுவதற்கு முன் மூன்று எண்களைத் தணிக்கை அறிக்கையோடு விரல் வைத்து ஒப்பிடுங்கள்: மொத்த வரவு, ஏற்கப்பட்ட செலவு, சேர்த்துவைத்த தொகை. ஒரு ரூபாய் வித்தியாசமும் வேண்டாம். கணினிதான் முதலில் பார்க்கிறது, அதற்கு விளக்கம் சொல்ல முடியாது.

தேதி தவறினால் டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடலாம், விலக்கும் கேட்கலாம், கட்டணம் உண்டு. அதையும் தாண்டிப் போடும் புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்னில் விலக்கு கேட்க முடியாது.

10. கையெழுத்தும் அதற்குப் பிறகும்

ஏற்றிய 30 நாளுக்குள் டி.எஸ்.சி. என்ற டிஜிட்டல் கையெழுத்து அல்லது ஈ.வி.சி. என்ற மின்னணுச் சரிபார்ப்பு எண் மூலம் சரிபார்க்க வேண்டும். செய்யாவிட்டால் ரிட்டர்ன் போடாதது போல.

பிறகு ரிட்டர்னைப் பரிசீலித்த முடிவைச் சொல்லும் 143(1) அறிவிப்பு மின்னஞ்சலுக்கு வரும். அதைத் திறந்து, நாம் காட்டியதும் அவர்கள் ஏற்றதும் என்ற இரண்டு பத்திகளையும் ஒப்பிடுங்கள். விலக்கு முழுவதையும் மறுத்து லட்சக்கணக்கில் வரி கேட்டிருந்தால் பயப்பட வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியவை, தணிக்கை அறிக்கை ஏற்கப்பட்ட தேதி, பதிவு எண், படிவம் 10இன் ஒப்புகை எண். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் பிசகியிருக்கும். நம் தரப்பு சரி என்றால் 154 பிரிவில் திருத்தம் கேட்கலாம்.

ஒப்புகைச் சீட்டை அச்செடுத்து அந்த ஆண்டின் உறைகள் உள்ள பெட்டியிலேயே போடுங்கள். பெட்டியின் மேல் நிதியாண்டு, மதிப்பீட்டு ஆண்டு இரண்டையும் எழுதுங்கள். அடுத்த பொருளாளர் வரும்போது அந்தப் பெட்டியையும், போர்ட்டலில் மாற்ற வேண்டிய கைப்பேசி எண்ணையும் ஒரே நாளில் அவரிடம் ஒப்படையுங்கள்.